பால் சொசைட்டித் திண்ணையில் கோலப்பொடி: அமைப்பு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எந்தப் பக்கம் போனாலும், விடியும் முன்பே தூக்குப்போசியும் கேனுமாக ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள். வீட்டில் பேசுவது தமிழ். சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் மலையாளம், பொதுயோகத்தில், அதாவது உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்தில், வாசிக்கும் கணக்கும் மலையாளம். அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் திரும்புகிறார்கள், யாரை யார் நம்புகிறார்கள், ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று கவனிப்பதுதான் அமைப்பு ஆய்வு. அதற்குப் பெரிய கம்பெனியும் கண்ணாடிக் கட்டடமும் தேவையில்லை.

எங்கள் குழுவில் சேர வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "இதில் கலைக்கு என்ன வேலை?" என்பதைத்தான். அறிக்கைக்கு அட்டைப்படம் போடுவது, கருத்தரங்கு முடிந்ததும் ஒரு பாட்டு வைப்பது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. ஒருவரிடம் கேள்வி கேட்கும் வழியாகவே கோலமும் படமும் கூத்தும் இருக்க முடியும். கேள்வித்தாளில் 'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்ட அதே கை, பொடியைக் கிள்ளி எடுத்ததும் வேறொன்றைச் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லையோரத்தில் இதற்கு மதிப்பு அதிகம். ஆபீஸ் மொழி ஒன்று, அடுப்படி மொழி இன்னொன்று என்று இருக்கும் ஊரில், பேச்சுக்கு முன்னால் ஒரு படம் இருந்தால் ஆட்கள் தயங்காமல் பேசுகிறார்கள்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. 1981-இல் ஐரோப்பாவில் ஸ்கோஸ் என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு உருவானது. நிறுவனங்களுக்குள் ஓடும் குறியீடுகள், கதைகள், சடங்குகள் எல்லாம் அங்கே ஆய்வுப் பொருளாயின. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் வளர்த்த முறையில், ஒரு நிறுவனத்தின் சிக்கலை முதலில் கையால் படமாகப் போட்டுப் பார்ப்பது ஒரு முக்கியமான படி. 'ரிச் பிக்சர்' என்பார்கள். கேரத் மோர்கன் 1986-இல் வெளியிட்ட நூலில் நிறுவனத்தை இயந்திரமாக, உயிரியாக, மூளையாக, சிறையாக என்று பல உருவகங்களில் பார்க்கச் சொன்னார். இத்தாலியின் அந்தோனியோ ஸ்த்ராத்தி, மணம், ஓசை, தொடுகை, அழகு ஆகியவற்றின் வழியாகவும் ஒரு நிறுவனத்தை அறியலாம் என்று விரிவாக எழுதினார். 2002-இல் லண்டனில் நிர்வாகத்தையும் கலையையும் சேர்த்து ஒரு மாநாடு தொடங்கி, அதன்பின் வெவ்வேறு ஊர்களில் நடந்துவருகிறது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். யாராவது "இதெல்லாம் ஆய்வா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கையில் இருக்கட்டும்.

நம் பக்கத்துக் கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற முறை இந்தியாவில் பரவியபோது, கிராமத்து மக்கள் தங்கள் ஊர் வரைபடத்தைத் தரையில் ரங்கோலிப் பொடியாலும் விதைகளாலும் கற்களாலும் போட்டார்கள். கேரளத்தில் 1962-இல் பிறந்த மக்கள் அறிவியல் அமைப்பான சாஸ்திர சாகித்திய பரிஷத், 1980 முதல் அறிவியலைக் கலாஜாதாவாக, அதாவது பாட்டும் நாடகமுமான கலைப் பயணமாக, ஊர் ஊராகக் கொண்டுபோனது. எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதற்கு முன் நடந்த இயக்கத்திலும் பாட்டும் தெருநாடகமும் இருந்தன. தமிழ்நாட்டு அறிவொளி இயக்கத்திலும் அதுபோலத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். கலாஜாதா ஒரு செய்தியைச் சொல்லப் போகிறது. நாம் கேட்கப் போகிறோம். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். விழிப்புணர்வு நாடகம் ஒன்று போட்டுவிட்டு, கைதட்டலை எண்ணி, 'மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். பதில் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அது பிரச்சாரம். நல்ல பிரச்சாரமாகவும் இருக்கலாம், ஆனால் ஆய்வு ஆகாது.

ஆள் சேர்ப்பது

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், மலையாள ரிக்கார்டுகளை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். இரண்டும் ஒருவருக்கே தெரிந்தாலும் இருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மொழிபெயர்த்தால் அவருக்குப் புரிந்ததுதான் எல்லோருக்கும் புரிந்ததாகிவிடும். படம் வரைகிறவரோ கூத்துக்காரரோ ஒருவர் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். முடிவில் கூப்பிட்டு 'இதை அழகாக்கிக் கொடுங்கள்' என்று கேட்பது அவருக்கும் மரியாதை இல்லை, ஆய்வுக்கும் பயன் இல்லை. அவருக்குச் சம்பளம் உண்டு என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

பெண்கள் பாதிக்குமேல் இருக்கட்டும். மாட்டைக் குளிப்பாட்டித் தீவனம் வைத்துக் கறந்து எடுத்து வருவது பல வீடுகளில் பெண்கள்தான். பாஸ்புக்கில் இருக்கும் பெயர் வேறாக இருக்கலாம்.

ஒரு வாரம் சும்மா நில்லுங்கள்

கையில் கேள்வித்தாள் வேண்டாம், பொடியும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் பால் ஊற்றும் நேரத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். செக்ரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதி எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நோட்டில் மூன்றே தலைப்பு: என்ன கேட்டது, என்ன மணந்தது, யார் எங்கே நின்றார்கள்.

சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மூன்றாவது நாளில் காது திறக்கும். அலுமினியக் கேன் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் ஒன்று, ஒரு லிட்டர்ப் போசியின் மூடி திறக்கும் சத்தம் வேறொன்று. கேன் வரும்போது உள்ளே இருப்பவர் தலை நிமிர்கிறாரா, போசி வரும்போது நிமிர்கிறாரா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். புளித்த பாலும் டெட்டாலும் கலந்த அந்த வாடைக்குள் நின்று எழுதிய ஒரு பக்கம், பிற்பாடு உங்கள் அறிக்கையில் பத்துப் பக்கத்துக்கு உயிர் கொடுக்கும்.

வார்த்தைகளையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்கள் தங்கள் கூட்டுக்கு வைத்த பெயர் 'பொம்பிளை ஒருமை'. ஏட்டுத்தமிழ் 'பெண்கள் ஒற்றுமை' என்றிருக்கும். அந்த 'ஒருமை'யில் ஒற்றுமை என்று பொருள்படும் மலையாளத்து 'ஒரும'யும் சேர்ந்து ஒலிக்கிறது என்பது என் காதுக்குப் படுவது. பல தலைமுறையாக இரண்டு மொழிகளுக்கு நடுவில் உழைத்தவர்களின் வரலாறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. திருத்தி எழுதியிருந்தால் அது போயிருக்கும்.

கோலம் போடச் சொல்வது

இதுதான் நடு வேலை, இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதல் தடவை நாங்கள் சார்ட் பேப்பரும் கிரேயானும் கொண்டுபோனோம். "எங்களுக்கு வரையத் தெரியாதுங்க" என்று சொல்லி ஒருவரும் தொடவில்லை. பேப்பர் என்றாலே பள்ளிக்கூடமும் பரீட்சையும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. அடுத்த வாரம் பொடியோடு போனோம். தினமும் வாசலில் குனிந்து பழகிய கைக்குத் தரை பயமில்லை. இன்னொரு வசதி, பொடியில் போட்டதைப் புறங்கையால் அழிக்கலாம். அழிக்க முடியும் என்று தெரிந்தால்தான் துணிந்து போடுவார்கள்.

தேவையானவை: வெள்ளைக் கோலமாவு இரண்டு கிலோ, செம்மண் ஒரு கிண்ணம், புளியங்கொட்டை, சின்னக் கற்கள், இலைகள். எட்டுப் பேருக்குமேல் ஒரு படத்தைச் சுற்றி உட்கார வேண்டாம். இரண்டு வேளைக் கறவைக்கும் நடுவில், பதினொரு மணிபோல் வையுங்கள். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

இடம் முக்கியம். யாருடைய வாசல் என்று கேட்டுத்தான் நம் ஊரில் கால் வைப்பார்கள். காலனியில் இருந்து வருகிறவர்கள் உள்ளே வரத் தயங்கும் திண்ணையில் கோலம் போடச் சொன்னால், படம் தொடங்கும் முன்பே பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அங்கன்வாடி வராந்தா, பஞ்சாயத்து ஹால், மரத்தடி என்று எல்லோரும் சமமாக உட்காரும் இடத்தைத் தேடுங்கள். ராவுத்தர் வீட்டுப் பெண்களும் கிறிஸ்தவக் குடும்பத்தினரும் இருக்கும் குழுவில் 'கோலம்' என்று சொல்லாமல் 'தரைப்படம்' என்று சொல்லிக் கற்களையும் கொட்டைகளையும் முன்னால் வையுங்கள். யார் எதை எடுக்கிறார்களோ எடுக்கட்டும்.

கேள்வி ஒன்றே ஒன்று. "நீங்க பால் கொண்டுவந்து ஊத்திட்டு வீட்டுக்குத் திரும்பற வரைக்கும் இங்க நடக்கறதைப் போட்டுக் காட்டுங்க." அதற்குப்பின் வாயைத் திறக்காதீர்கள். பத்து நிமிஷம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைக் கலைக்க வேண்டும் என்று மனசு துடிக்கும். பொறுங்கள்.

ஒரு நாள் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா முதலில் ஜன்னலைப் போட்டார். பக்கத்தில் பாலின் கொழுப்பைப் பார்க்கும் மெஷினை ஒரு சின்னச் சதுரமாக. அதற்கு முன்னால் ஒரு கோடு இழுத்தார். இழுத்ததன் மேலேயே இரண்டாவது தடவையும் பொடி விட்டார், விரல் தடிமனுக்கு.

"இது என்னங்கம்மா?"

"அதுதான் கண்ணு, மேசை."

மெஷின் அந்த மேசைக்கு அந்தப் பக்கம், முகம் உள்பக்கமாகத் திரும்பி இருக்கிறது. பால் ஊற்றுகிறவருக்கு எண் தெரியாது. கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் வைத்துத்தான் லிட்டருக்கு விலை. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு வாரம் அங்கேயே நின்ற எங்களுக்கு அந்த மேசை கண்ணில் படவேயில்லை. 'பரிசோதனையில் நம்பிக்கை உண்டா?' என்று முந்தின வாரம் நாங்கள் கேட்ட கேள்விக்கு அந்த அம்மாவும் 'உண்டு' என்றுதான் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் "மேசை அவ்வளவு பெருசா இல்ல" என்று கோட்டில் பாதியை அழித்தார். அந்த அம்மா மறுபடி போட்டார். அந்த இழுபறிதான் எங்களுக்குக் கிடைத்த தரவு. யார் அழித்தார், யார் மறுபடி போட்டார் என்பதை நேரத்தோடு குறித்துக்கொள்ள ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள்.

முடிந்ததும் படத்தை நீங்கள் விளக்காதீர்கள். "இதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு ஸ்டூல் மேல் ஏறி நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள், ஆட்களின் முகம் வேண்டாம். பிறகு அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் நகல் எடுத்து, சரியா என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

போட்டோவும் கூத்தும்

உறுப்பினர்கள் கையிலேயே கேமராவைக் கொடுப்பது இன்னொரு வழி. 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தது, 'போட்டோவாய்ஸ்' என்ற பெயரில் பரவியிருக்கிறது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் சுலபம். ஆபத்தும் அங்கேதான். எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஐந்து படம், ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் இரண்டு வரி. அது போதும்.

நாடகத்துக்கு வருவோம். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில், ஒரு பிரச்சினை முதலில் தீர்வில்லாமல் நடித்துக் காட்டப்படும். இரண்டாம் முறை நடக்கும்போது பார்வையாளர் 'நிறுத்து' என்று சொல்லி எழுந்து வந்து அந்தப் பாத்திரத்தின் இடத்தில் தானே நடித்துப் பார்க்கலாம். வங்காளத்தில் ஜன சன்ஸ்கிருதி குழு 1985-இல் தொடங்கிப் பல ஊர்களில் இதைச் செய்துவருகிறது. ஆனால் பாலக்காட்டுக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பக்கத்து நாட்டுப்புறக் கலையான பொறாட்டு நாடகத்தில் சோத்யக்காரன், அதாவது கேள்வி கேட்பவர், என்று ஒரு பாத்திரம் உண்டு. வருகிற ஒவ்வொரு வேடத்தையும் 'யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய்?' என்று தமிழும் மலையாளமும் கலந்து குடைந்துகொண்டே இருப்பார். ஒரு ஆய்வாளருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. சொசைட்டிக் காட்சி ஒன்றை ஆட்களே நடிக்க, ஊர்க்காரர் ஒருவர் சோத்யக்காரனாக நின்று கேட்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பொறாட்டில் சாதி வைத்துச் செய்யும் கேலிகள் நிறைய. அவற்றை அப்படியே எடுத்து ஆட விடாதீர்கள். கேள்வி கேட்கும் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரட்டரியையோ இயக்குநரையோ அடையாளம் தெரியும்படி நடிக்கவும் கூடாது. நடித்துவிட்டு நாம் ஊருக்குப் போய்விடுவோம், அவர்கள் மறுநாள் காலையில் அதே ஜன்னலுக்குப் பால் கொண்டுபோக வேண்டும்.

எழுதும்போது

நம் மாவட்டத்துப் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தை ஒரு இரவாவது போய்ப் பாருங்கள். கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடம் நாற்பத்திரண்டு அடி நீளம், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகள். புலவர் என்று அழைக்கப்படும் கூத்துக்கலைஞர் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாட்டு. அப்புறம் அதற்கு விளக்கம் சொல்வார், மலையாளம் கலந்த பேச்சில், ஒரு பாட்டுக்கு வெகுநேரம். பாட்டு எது, விளக்கம் எது என்று யாருக்கும் குழப்பம் வராது. ஆய்வறிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. படமும் அவர்கள் சொன்ன சொல்லும் தனியாக, மாறாமல். உங்கள் விளக்கம் அதன் கீழே, உங்களுடையது என்று தெரியும்படி.

நாங்கள் நோட்டை மூன்று பத்தியாகப் பிரிக்கிறோம்: கண்டது, அவர்கள் சொன்னது, நாங்கள் நினைப்பது. மூன்றாவது பத்தி மற்ற இரண்டைவிட நீளமாகிவிட்டால் மறுபடி களத்துக்குப் போகிறோம். ஒரு படத்தை மட்டும் நம்பி எதையும் முடிவாக எழுதுவதில்லை. மேசை விஷயத்தையே வேறு இரண்டு குழுக்களின் படங்களிலும், வேறு நேரத்தில் நேரில் நின்றும் பார்த்த பிறகுதான் எழுதினோம்.

ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தொடக்க கால அறிக்கை ஒன்றில் பெயர் எதுவும் போடவில்லை, படத்தை மட்டும் அப்படியே அச்சிட்டோம். படத்தின் ஓரத்தில் அதை வரைந்தவர் தன் வீட்டையும் கிணற்றையும் இரண்டு தென்னையையும் போட்டிருந்தார். சொசைட்டியில் இருப்பவர்களுக்கு அது யார் வீடு என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவர் சில வாரம் பால் ஊற்ற வரும்போது பட்ட சங்கடம் எங்களால் வந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அதன்பின், படம் அச்சுக்குப் போகுமுன் வரைந்தவரோடு உட்கார்ந்து எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று கேட்காமல் ஒரு கோடுகூட வெளியே போவதில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்கியது போதும் என்று விட்டுவிடாதீர்கள், அச்சாகும் முன் இன்னொரு முறை கேளுங்கள்.

திருப்பிக் கொடுப்பது

படம் வரைந்தவருடையது. நகல்தான் நம்முடையது. பொதுயோகத்துக்கு முன்னால் ஒரு மாலை நேரத்தில், இரண்டு மொழியிலும் எழுதிய பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டி, உறுப்பினர்களைக் கூப்பிட்டு நின்று பேசுங்கள். சொசைட்டிப் பொறுப்பாளர்களைத் தனியாக முன்பே சந்தித்துக் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் வைத்து முதன்முறையாகப் பார்த்தால் யாருக்கும் தற்காத்துக்கொள்ளத்தான் தோன்றும். அவர்கள் பக்கத்திலும் காரணங்கள் இருக்கும். மெஷினின் வயர் எட்டாததால்தான் மேசை அங்கே போட்டது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டுரையை வெளியே அனுப்ப நினைத்தால், படத்தைப் பின்னிணைப்பில் தள்ளாமல் வாதத்தின் நடுவில் வையுங்கள். அனுப்பும் மொழி எதுவானாலும், தமிழில் ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும்.

கடைசியாக, எப்போது தொடங்குவது? ஓணத்தை ஒட்டிய வாரங்கள் வேண்டாம். போனஸ் பேச்சு ஓடும் நேரம் அது, நீங்கள் கேட்கும் எதற்கும் போனஸின் நிறம் ஏறிவிடும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதிப் பருவமழையில் பொடி நிற்காது. தை கடைசியில் ஆரம்பித்தால் நல்லது. தரை காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கும், கோயில்களில் கூத்துமாட விளக்குகளும் ஏறத் தொடங்கியிருக்கும்.